நான்கு மாத ஃபைபர் இணைப்பு: ஒரு ரயில்வே கேட் சிமுலேஷன் வைத்த பரீட்சை

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் ஒருவர் கொண்டுவந்த ஃபைபர் இணைப்பை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே ஆபரேட்டரின் இணைப்பு ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் சுமாராகவும் இருப்பது வழக்கம் என்பதால் அவர் பெயரை எழுதவில்லை. எதை வைத்துச் சோதித்தேன், என்ன கண்டேன் என்பதுதான் வேறொரு தெருவில் இருப்பவருக்கும் பயன்படும். பதிவிறக்கம் 100 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் என்பது திட்டம். வேகத்தைப் பொறுத்தவரை சொன்னது கிடைக்கிறது, மாலை எட்டு மணிக்கும் பெரிதாகக் குறைவதில்லை. படம் பார்ப்பதற்கும் வீடியோ அழைப்புக்கும் மட்டும் இணைப்பு தேடுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு தாராளமாக வாங்கலாம். நான் இதை வாங்கியது வேறொரு வேலைக்கு. அந்த வேலைக்கு வேகத்தைவிட வேறொன்று முக்கியம்: அனுப்பிய செய்திகள் எந்த முன்பின் வரிசையில் போய்ச் சேர்கின்றன என்பது.

நானும் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் நண்பரும் ராணிப்பேட்டையில் இருக்கும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு ரயில்வே கேட் சிமுலேஷனை எழுதி நடத்துகிறோம். காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் செல்லும் தடத்தைப் போன்ற ஒரு தடத்தில், ஒரு சிறு நிலையம், அதையொட்டி ஒரு லெவல் கிராசிங், வந்துபோகும் வண்டிகள் ஆகியவற்றைப் பாவித்துக் காட்டுவது அது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இதை இயக்கிக் காட்டுகிறோம். கேட்டை என் வீட்டுக் கணினி இயக்குகிறது, நிலையத்தையும் சிக்னலையும் காட்பாடிக் கணினி இயக்குகிறது, வண்டியின் ஓட்டத்தையும் மாணவர்கள் பார்க்கும் திரையையும் ராணிப்பேட்டைக் கணினி இயக்குகிறது. மூன்றும் தனித்தனி வீடுகளில் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள் மட்டுமே அவற்றைச் சேர்த்து வைக்கின்றன. கேட் மூடியதும் என் கணினி 'கேட் மூடியது' என்று மற்ற இரண்டுக்கும் சொல்லும். அதைக் கேட்ட பிறகே காட்பாடிக் கணினி சிக்னலைப் பச்சையாக்கி அதைத் திரைக்குச் சொல்லும். உண்மையான இன்டர்லாக் கேட்டிலும், அதாவது சிக்னலோடு பிணைத்துப் பூட்டப்பட்ட கேட்டிலும், இதுதான் முறை. கேட் மூடிப் பூட்டப்படாமல் அதைக் காக்கும் சிக்னலைக் கொடுக்கவே முடியாது.

இணைப்பு வந்த இரண்டாவது வாரத்தில், நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா ராணிப்பேட்டையில் அந்தத் திரையின் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டின் கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன, ஒரு லாரி தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது, அதே நேரத்தில் சிக்னல் பச்சையாக மாறியது. ஏறக்குறைய அரை விநாடி கழித்துத்தான் கேட் மூடியதாகத் திரை காட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கேட்டு மூடாம எப்படிப்பா சிக்னல் கொடுத்தே?" என்று கேட்டார். நாற்பது வருட வழக்கத்தில் அவர் குரலில் இருந்த அந்த அதிர்ச்சி எனக்கு மிகவும் உறைத்தது. எங்கள் நிரலில் சிக்னல் ஒருபோதும் கேட்டுக்கு முன்னால் மாறவில்லை. மூன்று கணினிகளின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கேட் மூடியது முதலில், சிக்னல் மாறியது பிறகு என்று தெளிவாகவே இருந்தது. ராணிப்பேட்டைக்கு வந்து சேர்ந்த முன்பின்தான் தலைகீழாகியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை டிசிபி (இணையத்தில் தரவை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறை) பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறார்கள்; நாங்களும் அப்படித்தான் நம்பினோம். டிசிபி காப்பாற்றுவது ஒரே இணைப்பில், ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பியவற்றின் வரிசையை மட்டும். என் கணினியிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஓர் இணைப்பு, காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேறோர் இணைப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் எது முந்த வேண்டும் என்பது டிசிபிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. என்னிடமிருந்து புறப்பட்ட செய்தியின் ஒரு படி, அதாவது நகல், காட்பாடிக்குப் போய், அங்கிருந்து அதன் விளைவாகப் புறப்பட்ட இன்னொரு செய்தி ராணிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், என்னிடமிருந்து நேராக ராணிப்பேட்டைக்குப் புறப்பட்ட படி இன்னும் வழியில் இருக்கலாம். ஊரில் கல்யாணச் செய்தி சுற்றிவளைத்து உறவினர் வாயிலாக முதலில் காதுக்கு வந்து, பத்திரிகை அதற்குப் பிறகு தபாலில் வந்து சேர்வதைப் போன்றது இது.

ஒரு பாக்கெட் (செய்தியைத் தாங்கிச் செல்லும் சிறு பொதி) வழியில் தொலைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தொலைந்ததை டிசிபி மீண்டும் அனுப்பும் என்பது உண்மைதான், ஆனால் சிறு செய்திகள் எப்போதாவது ஒன்று என்று செல்லும் இணைப்பில், தொலைந்துவிட்டது என்பதை உணர்வதற்கே அது காத்திருக்க வேண்டும். லினக்ஸில் அந்த மறு அனுப்பல் நேரம் குறைந்தது 200 மில்லி விநாடி. மறு அனுப்பல் இல்லாத மற்றொரு விதிமுறையான யுடிபி என்றால் தொலைந்தது தொலைந்ததுதான், வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை.

கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலின் வேரைக் காட்டியது. தனித்தனிக் கணினிகளில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, ஒன்றின் செய்தி மற்றொன்றை எட்டியிருக்கக்கூடுமா என்பதை வைத்துச் சொல்வதே அடிப்படை என்று அவர் காட்டினார். எங்கள் கேட்டும் சிக்னலும் அந்த வகை உறவு உடையவை. கேட் மூடிய செய்தியால்தான் சிக்னல் மாறுகிறது. அந்த உறவு எங்கள் மனத்தில் இருந்ததே தவிர, செய்திகளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனி இணைப்பின் பங்குக்கு வருகிறேன். சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் பாலாறு மட்டுமே குறுக்கே. பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எங்கள் மூவரின் இணைப்புகளும் வெவ்வேறு ஆபரேட்டர்களுடையவை, எவருக்கும் சொந்தமாக வெளி ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து ஒருவர் நேராக என் வீட்டுக் கணினியைத் தட்ட முடியாது என்பதால், சென்னையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அதன் வழியாக, மூன்று கணினிகளையும் ஒரே தனி வலையில் இருப்பதுபோல இணைக்கும் விபிஎன் அமைத்திருக்கிறோம். ஆகவே ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டிய செய்தி, சுமார் 140 கிலோமீட்டர் கிழக்கே சென்னைக்குப் போய், திரும்பவும் அதே தூரம் மேற்கே வருகிறது. இந்தத் தூரத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 280 கிலோமீட்டருக்கு ஒன்றரை மில்லி விநாடிகூட ஆகாது. தாமதம் எங்கே உண்டாகிறது என்றால், வழியில் இருக்கும் ரவுட்டர் போன்ற ஒவ்வொரு பெட்டியிலும் பாக்கெட்டுகள் தம் முறைக்காகக் காத்து நிற்கும் இடத்தில். அந்தக் காத்திருப்பு நொடிக்கு நொடி மாறுவதுதான் முன்பின்னைக் கெடுக்கிறது. எல்லாச் செய்திகளும் எப்போதும் சரியாக 40 மில்லி விநாடி தாமதித்தால் எங்கள் திரையில் எந்தக் குழப்பமும் வந்திருக்காது. எல்லாமே சற்றுப் பின்தங்கி, ஆனால் முறையாக நடந்திருக்கும். 10 மில்லி விநாடியில் ஒன்றும் 300 மில்லி விநாடியில் ஒன்றும் வருவதே கேடு.

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கம்பியில், மற்றொன்று பெட்டியில்.

கம்பியின் கதை இது. சாதாரண நேரத்தில் சென்னை சர்வருக்குப் பிங் என்ற சிறு சோதனைச் செய்தி போய்வர எனக்குப் பத்து மில்லி விநாடிக்கு அருகில் ஆகிறது, இது உண்மையிலேயே நல்ல அளவு. ஆனால் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் நடுநடுவே சில பாக்கெட்டுகள் காணாமல் போயின. புகார் சொன்ன மறுநாளே லைன்மேன் வந்தார், இது பாராட்டுக்குரியது. அவர் முதலில் தன் கைபேசியில் வேகச் சோதனை ஓட்டிக் காட்டி, "ஸ்பீடு ஃபுல்லா வருது சார், அப்பறம் இன்னா பிரச்சனை?" என்று கேட்டார். நான், "வேகத்தைச் சொல்லல தம்பி, நடுவுல பாக்கெட் உதிருது, பவர் மீட்டர் வச்சிப் பாருங்க" என்றேன். அவர் பையிலிருந்து ஆப்டிகல் பவர் மீட்டரை எடுத்து, பெட்டியில் செருகியிருந்த மஞ்சள் கம்பியைக் கழற்றி, முனையைத் துடைத்து மீட்டரில் செருகினார். கழித்தல் 27 டிபிஎம் என்று வந்தது; ஒளியின் வலிமைக்கான அலகு அது, கழித்தல் எண் கூடக்கூட ஒளி குறைவு என்று பொருள். இந்த வகைப் பெட்டிகள் ஒளியை உணரக்கூடிய எல்லையே பொதுவாக அதுதான் என்பதை அவர் முகமே சொன்னது. பிறகு தெருமுனைக் கம்பம்வரை கம்பியைத் தொட்டுக்கொண்டே போனவர், வேப்ப மரக்கிளை உரசும் இடத்தில் அது கூர்மையாக மடங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். மடங்கிய இடத்தை வெட்டி எறிந்து, இழையின் மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கிளீவரில் நறுக்கி, இரு முனைகளையும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் எதிரெதிராக வைத்தார். அதன் சிறு திரையில் இரண்டு இழைகளும் பெரிதாகத் தெரிந்து, தாமாகவே நகர்ந்து ஒன்றையொன்று பார்த்து நின்று, ஒரு நீலப் பொறியில் ஒன்றாயின. மீண்டும் அளந்தபோது கழித்தல் 20. உதிர்வது அன்றோடு நின்றது.

இதில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பாக்கெட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்த நாட்களிலும் வேகச் சோதனை ஏறக்குறைய முழு வேகத்தைக் காட்டியது. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு உதிர்ந்தால் பெரிதாகத் தெரிவதில்லை. எங்களுக்கோ அந்த ஒன்றுதான் 'கேட் மூடியது' என்ற செய்தியாக இருந்தது. பெரியப்பா பார்த்த காட்சிக்கும் இதுவே காரணம்: என்னிடமிருந்து காட்பாடிக்குப் போன படி தப்பியது, ராணிப்பேட்டைக்குப் போன படி உதிர்ந்து, மறுபடி அனுப்பப்பட்டுத் தாமதமாகச் சேர்ந்தது.

பெட்டியின் கதை இணைப்புடன் இலவசமாகக் கொடுத்த ரவுட்டரைப் பற்றியது. ஒரு ஞாயிறன்று சிமுலேஷன் நடக்கும்போது, ஆரணியில் நடந்த உறவினர் திருமணத்தின் வீடியோக்களை என் தங்கை கூடத்தில் உட்கார்ந்தபடி கைபேசியிலிருந்து பதிவேற்றத் தொடங்கினாள். கேட் தரப்புச் செய்திகள் அனைத்தும் உடனே தள்ளாடத் தொடங்கின, பிங் 400 மில்லி விநாடியைத் தாண்டியது. கணக்கு எளிது. பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் மட்டுமே. ரவுட்டர் ஒரு மெகாபைட் வரை பாக்கெட்டுகளைத் தேக்கி வைத்துக்கொள்ளுமானால், அந்தத் தேக்கம் வடிய 0.4 விநாடி ஆகும். எங்கள் செய்தி வெறும் நூறு பைட்தான் என்றாலும் அது அந்தத் தேக்கத்தின் கடைசியில் போய் நிற்கிறது. ரேஷன் கடையில் ஒரே ஒரு கையெழுத்துக்காகப் போனவரும் அரிசி வாங்குகிற முழு வரிசைக்கும் பின்னால் நிற்பதைப் போல. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, பாக்கெட்டுகள் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கின்றன என்பதைப் பார்த்துத் தேக்கத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. அதன் வழிவந்த முறைகள் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கின்றன. எனக்குக் கொடுத்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை.

ஆபரேட்டரின் அலுவலகத்துக்குப் போய், பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றித் தரும்படியும் என் சொந்த ரவுட்டரைப் பின்னால் வைத்துக்கொள்வதாகவும் கேட்டேன். முதல் முறை அங்கிருந்தவருக்கு நான் கேட்பது பிடிபடவில்லை. இரண்டாம் முறை உள்ளிருந்து வந்த தொழில்நுட்பப் பணியாளர் மறுபேச்சில்லாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார், கட்டணமும் கேட்கவில்லை. சொந்த ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, பதிவேற்றத்தை 18 எம்பிபிஎஸ் என்று வரம்பிட்டு, தேக்கம் ஆபரேட்டர் பெட்டியில் உண்டாகாமல் என் பெட்டியிலேயே உண்டாகும்படி செய்து, அதைச் சீராக்கும் முறையை இயக்கினேன். இப்போது தங்கை எத்தனை வீடியோ ஏற்றினாலும் பிங் முப்பதைத் தாண்டுவதில்லை. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த ஆபரேட்டருக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். கேட்டால் மறுக்கிற இடங்களும் உண்டு என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தனையும் சரிசெய்த பிறகு, செய்திகளின் முன்பின் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை, அரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபைபரின் இயல்பிலேயே சிறு ஏற்ற இறக்கம் உண்டு. வீடுகளுக்கு ஃபைபர் தரும் ஜிபான் என்ற அமைப்பில் ஓர் இழையைப் பல வீடுகள் பகிர்கின்றன, கீழ்நோக்கி 2.488 ஜிகாபிட், மேல்நோக்கி 1.244 ஜிகாபிட் என்ற மொத்தத்தில், மேல்நோக்கி அனுப்ப ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கப்படும் நேரத்துண்டுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு அப்பால் சென்னைவரை எத்தனையோ பெட்டிகள். எவ்வளவு நல்ல இணைப்பும் ஒரு செய்தி தாமதிக்கவே தாமதிக்காது என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே முன்பின்னைக் காக்கும் பொறுப்பை இணைப்பின் தலையில் கட்டாமல் எங்கள் நிரலிலேயே ஏற்றுக்கொண்டோம். அதன் பிறகுதான் இந்த இணைப்பிடம் நாங்கள் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதே ஓர் எண்ணாக எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் கடிகாரத்தை நம்பலாமா என்று பார்த்தோம். ஒவ்வொரு செய்தியிலும் புறப்பட்ட கடிகார நேரத்தை எழுதி, அதை வைத்து வரிசைப்படுத்துவது எளிதான யோசனை. இணையம் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி மூலம் மூன்று கணினிகளின் கடிகாரங்களும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்ற அனுமானத்தில்தான் என்டிபி கணக்கிடுகிறது. போக 400, வர 10 மில்லி விநாடி என்று ஆகிவிட்டால், அந்த நேரத்தில் எடுத்த ஓர் அளவீட்டில் 195 மில்லி விநாடி பிழை வந்துவிடும். என்டிபி அத்தகைய அளவீடுகளை வடிகட்ட முயல்கிறது என்றாலும், கேட்டையும் சிக்னலையும் அதன் பொறுப்பில் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

வழி காட்டியது பெரியப்பாதான். இன்டர்லாக் இல்லாத கேட்களில் நிலைய அதிகாரியும் கேட்மேனும் தொலைபேசியில் 'பிரைவேட் நம்பர்' பரிமாறிக்கொள்வார்கள். கேட் மூடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது; தன்னிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண்ணைக் கேட்மேன் சொல்ல வேண்டும், அதை நிலைய அதிகாரி பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகே வண்டியை விடுவது. "நம்பர் வராம எதுவும் நகராதுப்பா" என்றார். நாங்கள் அதையே செய்தோம். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுத்து, 'சிக்னல் பச்சை' என்ற செய்தியில், அது எந்தக் 'கேட் மூடியது' செய்தியை நம்பிப் புறப்பட்டதோ அதன் எண்ணையும் எழுதி அனுப்பினோம். ராணிப்பேட்டைக் கணினி அந்த எண்ணுடைய செய்தியைத் தன் கண்ணால் பார்க்காதவரை சிக்னலை மாற்றாமல் பிடித்து வைத்திருக்கும். காரணம் முந்தும், காரியம் பிந்தும் என்பது இத்தோடு உறுதியானது.

சென்னை சர்வரையே ஒரு தபால் நிலையம்போல ஆக்கி, எல்லாச் செய்திகளையும் அது வாங்கிய வரிசையில் எல்லோருக்கும் கொடுக்கச் செய்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும். ஆனால் சர்வர் வாங்கும் வரிசை சிமுலேஷனுக்குள் நடக்கும் நேரத்தின் வரிசையாக இருக்காது. ஒரு வண்டி கிராசிங்கைத் தொட்டதும் ஒரு வாகனம் கேட்டில் மோதியதும் ஒன்றையொன்று அறியாமல் நடக்கும் நிகழ்வுகள். அவற்றில் எது முதலில் என்பதை இணைப்பின் அதிர்ஷ்டம் தீர்மானித்தால், ஒரே பயிற்சியை இரண்டு முறை ஓட்டும்போது இரண்டு விதமான விபத்து அறிக்கை வரும். மாணவனுக்கு அதைக் காட்டி எதையும் கற்பிக்க முடியாது.

இதற்குச் சிமுலேஷன் நேரத்தையே முத்திரையாக இட்டு, அந்த வரிசையில் மட்டும் செய்திகளைக் கையாள வேண்டும். கேள்வி என்னவென்றால், கையில் 10:15:20 முத்திரையுடன் ஒரு செய்தி இருக்கும்போது, 10:15:19 முத்திரையுடன் இன்னொன்று வழியில் இல்லை என்பதை எப்படி அறிவது? 1970-களின் இறுதியில் கணினி ஆய்வாளர்களான பிரையன்ட் ஒருபுறமும் சாண்டி, மிஸ்ரா இருவரும் மறுபுறமும் இதற்கு விடை கண்டார்கள். அவர்களில் கே. மணி சாண்டி 1965-இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி. ஒவ்வொரு கணினியும், அனுப்ப எதுவும் இல்லாதபோதும், 'இந்த நேரம்வரை என்னிடமிருந்து எதுவும் வராது' என்று ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் 10:15:20 வரை வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் அதுவரை பயமில்லாமல் முன்னேறலாம்.

அந்த வாக்கை எவ்வளவு தூரம் முன்கூட்டிக் கொடுக்க முடியும் என்பதில்தான் இணைப்பின் தரமும் ரயில்வேயின் நடைமுறையும் சந்திக்கின்றன. எங்கள் கேட்டின் கை முழுவதும் இறங்க 12 விநாடி ஆகிறது. இறக்கத் தொடங்காத கேட் அடுத்த 12 விநாடிக்குள் 'மூடியது' என்று சொல்ல வாய்ப்பே இல்லை. எனவே 12 விநாடி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கலாம், அதற்கு எந்த மோசமான இணைப்பும் போதும். ஆனால் வாகனம் கேட்டில் மோதும் நிகழ்வுக்கு முன்னறிவிப்பே கிடையாது. மோதிய கணத்துக்கும் கேட்மேன் உணர்ந்து அவசர சிவப்பு காட்டும் கணத்துக்கும் இடையே மனிதனுக்கு ஆகும் நேரத்தை மாதிரியிலேயே அரை விநாடி என்று வைத்தோம். அதைவிட விரைவாக யாரும் செயல்படுவதில்லை என்று பெரியப்பாவும் ஒப்புக்கொண்டார். ஆகவே எங்களால் கொடுக்க முடிந்த மிகச் சிறிய வாக்கு அரை விநாடி. இரண்டு மணி நேரப் பயிற்சியில் எந்த ஒரு செய்தியும் அரை விநாடிக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்பதே இந்த இணைப்புக்கு நாங்கள் வைத்த தேர்வு. சராசரியைப் பற்றி எங்களுக்கு அக்கறை இல்லை, மிக மோசமான ஒரு செய்தியே கணக்கு. தாமதித்தாலும் இப்போது தவறான காட்சி வராது. வாக்கு வரும்வரை திரை நின்று, பிறகு தொடரும்.

காத்திருக்காமல் ஓடிவிட்டு, பிந்தி ஒரு செய்தி வந்தால் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்ளும் டைம் வார்ப் முறையையும் யோசித்தோம். டேவிட் ஜெஃபர்சன் 1985-இல் வெளியிட்டது அது. கணினிகளுக்குள் மட்டும் நடக்கும் கணக்குக்கு அருமையான முறை. மாணவன் பச்சையைப் பார்த்து வண்டியை எடுத்த பிறகு அந்தப் பச்சையை அவன் கண்ணிலிருந்து திரும்ப எடுக்க முடியாது என்பதால் விட்டுவிட்டோம். ராணுவப் பயிற்சிக்காக எழுந்த, பல சிமுலேஷன்களை இணைத்து ஓட்டும் எச்எல்ஏ என்ற அமைப்பு, 2000-இல் ஐட்ரிபிள்ஈ 1516 என்று தரமானபோது, வந்த வரிசை, நேர முத்திரை வரிசை என இரண்டு வழிகளையும் வைத்து, எந்தச் செய்திக்கு எது வேண்டும் என்பதை எழுதுகிறவரின் தேர்வுக்கு விட்டது. நாங்களும் வண்டியின் நகர்வைக் காட்டும் அடிக்கடி வரும் செய்திகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று பிந்தினால் அதைத் தள்ளிவிட்டு, கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து வண்டி எங்கே இருக்கும் என்று கணித்துத் திரையில் வைத்தால் போதும்.

தேர்வின் முடிவு இது. கம்பி சரிசெய்யப்பட்டு ரவுட்டர் மாற்றப்பட்ட பிறகு நடத்திய ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டில் திரை ஒருமுறையும் நிற்கவில்லை. ஒன்பதாவதில், மதியம் மின்சாரம் போனபோது என் வீட்டில் யுபிஎஸ் தாங்கியும் தெருமுனையில் ஆபரேட்டரின் பெட்டிக்குப் பேட்டரி தாங்காததால் இருபது நிமிடம் இணைப்பே இல்லை. வேலூர் வெயிலில் மே மாதம் இந்தப் பிரச்சினை கூடும் என்று அஞ்சுகிறேன். அலுவலகத்தில் கேட்டதற்குப் பேட்டரி மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் மாற்றவில்லை. அந்த இருபது நிமிடமும் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்தோம். பிங் நாற்பதுக்கும் முந்நூறுக்கும் இடையே தாவியது, திரை நான்கு முறை நின்று நின்று போனது, ஆனால் கேட் திறந்திருக்கும்போது சிக்னல் ஒருமுறையும் பச்சையாக மாறவில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், பல ஊர்களிலிருந்து சேர்ந்து விளையாடும் விளையாட்டுகள், தொலைவிலிருந்து இயக்கும் சோதனைக்கூடங்கள், எங்களைப் போன்ற சிமுலேஷன்கள் ஆகியவற்றில் ஈடுபடுகிறவர்கள் சத்துவாச்சாரிப் பக்கம் இருந்தால் இந்த ஆபரேட்டரைத் தயங்காமல் அணுகலாம். வாங்கும் அன்றே லைன்மேனிடம் பவர் மீட்டர் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கழித்தல் 25-ஐத் தாண்டி 26, 27 என்று போனால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பிரிட்ஜ் முறை வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேகச் சோதனையை மட்டும் ஓட்டிவிட்டுக் கையெழுத்திடாமல், வீட்டில் யாரையாவது ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றச் செய்து அதே நேரத்தில் பிங் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். தனி ஐபி முகவரிக்கு இவர்கள் மாதம் தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். சென்னை சர்வரின் வாடகையோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அதனால் லாபமில்லை என்பதால் எடுக்கவில்லை.

அடுத்த ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். பேட்டரி மாற்றினார்களா என்பதைக் கோடை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.